அன்ரிக்குக் குறைந்த பதினொரு மணித்தியாலங்கள்

நான் வேலை செய்த நிலையத்தின் வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவு' என்று அதில் பச்சை மையால் எழுதியிருந்தார்கள். சண்டை நின்று, தெற்கோடு சேர்க்கிற பாதை திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கிளிநொச்சியில் புதிதாக எந்தப் பலகையைக் கண்டாலும் சனம் சைக்கிளை நிற்பாட்டி வாசிக்கிற காலம் அது. கிழமைக்கு ஒருவராவது உயர்தரப் பெறுபேற்றின் பிரதியை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்து விடுவார்.

"தங்கச்சி, இஞ்ச என்ன தொழில் குடுக்கிறீங்கள்?"

"இல்லை அண்ணை, இது கை கால் ஏலாத ஆக்களுக்கான இடம். திரும்பத் தங்கட வேலையளைத் தாங்களே செய்யப் பழக்கிறது."

"அப்ப அவையளுக்கு மட்டும்தான் தொழிலோ?"

அதற்கு மேல் விளங்கப்படுத்த எனக்கும் தெரியாது. நான் அங்கே உதவியாளராக இருந்தேன். பதிவுக் கொப்பி எழுதுவது, வருகிறவர்களை இருத்துவது, வெளிநாட்டவர் வந்தால் மொழிபெயர்ப்பது, மோட்டார்ச் சைக்கிள் ஓடுவது, சொன்ன பயிற்சியைக் கை பிடித்துச் செய்விப்பது, எல்லாம் என் வேலை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மூன்று ஊர்களில் நடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் படித்து, உயர்தரத்தில் மூன்று சாதாரண சித்தி எடுத்தவள். பல்கலைக்கழகத்துக்கு அது போதவில்லை. நிலையத்தை ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது. கிழமையில் இரண்டு நாள் ஒரு டொக்டர் வந்து பார்ப்பார். சிகிச்சையாளரின் கதிரை மட்டும் பல மாதமாகச் சும்மா கிடந்தது.

அந்தக் கதிரைக்குத்தான் அன்ரி வந்தார். ஐம்பது தாண்டியவர். யாழ்ப்பாணத்துப் பக்கம் பிறந்து, கலியாணம் முடித்து அமெரிக்காவுக்குப் போனவர். வருடத்தில் பாதி பனி கொட்டுகிற ஒரு மாநிலத்தில் இருபது வருடத்துக்கு மேல் தொழில்வழிச் சிகிச்சையாளராக இருந்தாராம். ஆறு மாதம் தொண்டு வேலை செய்ய வந்திருந்தார். கட்டையாக வெட்டிய தலைமயிர், காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து.

முதல் நாள் அவருடைய பத்திரங்களைப் பிரதி எடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள். பட்டம், கடவுச்சீட்டு, அவற்றோடு அடையாள அட்டை அளவில் ஒரு சின்ன அட்டை. அதில் பெயர், ஒரு இலக்கம், அதற்குக் கீழே ஒரு முடிவுத் திகதி. நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அன்ரி, இதில முடிவுத் திகதி போட்டிருக்கு. என்ன முடியிறது?"

"என்ர லைசென்ஸ்."

"வாகனம் ஓட எடுக்கிற மாதிரியோ?"

"ஓம். இது இல்லாட்டி நான் ஒருத்தரின்ர கையையும் பிடிச்சுப் பாக்கேலாது."

"நீங்கள் படிச்சு முடிச்சனீங்கள்தானே? படிச்ச படிப்பு எப்பிடி முடியும்?"

அவர் சிரித்தார். "ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, நான் இன்னும் படிச்சுக்கொண்டுதான் இருக்கிறன் எண்டு அவையளுக்குக் காட்டவேணும் பிள்ளை. இருபத்துநாலு மணித்தியாலம். காட்டாட்டி புதுப்பிக்க மாட்டினம்."

பால்மாப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் முடிவுத் திகதி கண்டிருக்கிறேன். ஒரு ஆளின் படிப்பில் கண்டதில்லை. எனக்குப் படிப்பித்த வாத்தியார் ஒருவர், தான் படித்த காலத்துக் கொப்பியை வைத்துத்தான் கடைசிவரை படிப்பித்தார். தாள் பழுத்து ஓரம் உடைந்திருக்கும். அவரிடம் யாரும் போய் நீங்கள் இந்த வருடம் என்ன படித்தீர்கள் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அன்று பின்னேரம் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது முழுக்க யோசித்தேன்.

அடுத்த நாள் அந்தச் சட்டங்களைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அன்ரி ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு பையைக் கிண்டி ஒரு சின்னப் புத்தகம் தந்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய், அகராதியை வைத்துக்கொண்டு நாலு நாள் வாசித்தேன். எது படிப்பு, எது படிப்பில்லை என்று அதில் வகைபிரித்து எழுதியிருந்தார்கள். வகுப்புக்குப் போனால் படிப்பு. மகாநாட்டில் இருந்து கேட்டால் படிப்பு. புத்தகம் வாசித்து வினாக்களுக்கு விடை எழுதி அனுப்பினால் படிப்பு. ஒரு நோயாளியைப் பற்றி ஆராய்ந்து கட்டுரை எழுதினாலும் படிப்புத்தான், ஆனால் இத்தனை மணித்தியாலத்துக்கு மேல் சேராது. அனுபவமுள்ள ஒருவரிடம் இருந்து நேரே வேலை பழகினாலும் சேரும். வழமையான வேலை செய்வது படிப்பில்லை.

அந்தக் கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை.

"வேலை செய்யேக்கதானே அன்ரி கூடப் படிக்கிறம்?"

"ஓம். ஆனா நீ படிச்சனி எண்டு இன்னொருத்தர் எப்பிடி நம்புறது? இருபது வருசம் ஒரே பிழையைச் செய்துகொண்டு இருக்கிற ஆளும் வேலைதானே செய்யிறார்?"

நான் அந்த வரியை மறுபடி வாசித்தேன்.

முரசுமோட்டை அக்கா வந்தது காலபோக நெல் அறுவடை முடிந்த கையோடு. நாற்பது வயதிருக்கும். வயல் செய்கிற குடும்பம். இரண்டு வருடத்துக்கு முன் சூடடிக்கிற மெசினுக்குள் வலக்கை அகப்பட்டு, மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். காயம் நன்றாக ஆறியிருந்தது. புருசன்தான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அன்ரி வருகிற எல்லோரிடமும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். எங்கே நோகுது என்று கேட்கமாட்டார்.

"என்ன வேலை செய்ய ஏலாமல் இருக்கு?"

அக்கா சொன்னார், "எல்லாம் செய்யிறன் மிஸ்."

புருசன் குறுக்கே கதைத்தார். "ஓம், எல்லாம் செய்வா. ஆனா ஒரு இடமும் வாறா இல்லை. ரெண்டு வருசமா ஒரு கலியாண வீடு, ஒரு கோயில் இல்லை."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் விளங்கும் என்று அன்ரி சொன்னார். அதற்கு முன் எங்கள் தச்சுவேலைக்காரரைக் கொண்டு ஒரு பலகை செய்வித்தார். இரண்டு ஆணி மேல்நோக்கி நிற்கும், ஒரு மூலையில் உயர்ந்த விளிம்பு இருக்கும். மரக்கறியை ஆணியில் குத்தி வைத்தால் அசையாது, ஒற்றைக் கையால் வெட்டலாம். அமெரிக்காவில் எத்தனையோ பேருக்கு அதைக் கொடுத்திருக்கிறாராம்.

பரந்தன் சந்தியால் திரும்பி முரசுமோட்டைக்கு நான் மோட்டார்ச் சைக்கிளை ஓட, அன்ரி பின்னுக்குப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். குசினிக்குள் அக்கா அந்தப் பலகையை மரியாதையாக வாங்கிப் பார்த்தார். ஆணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அதைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, கட்டையில் பூட்டிய தன்னுடைய அருவாளை எடுத்தார். கட்டையைக் காலால் மிதித்தபடி இருந்து, நிமிர்ந்து நின்ற அலகில் ஒரு பூசணிக் கீற்றை இடக்கையால் தள்ளித் தள்ளி வெட்டினார். துண்டுகள் எல்லாம் ஒரே அளவில் சுளகுக்குள் விழுந்தன.

அன்ரி நிலத்தில் இருந்துவிட்டார்.

"எங்கட அம்மாவும் உதிலதான் வெட்டினவா," என்றார். "நான் மறந்தே போனன். அங்க மரக்கறி அசையாது, கத்திதான் அசையும். அப்ப மரக்கறியைப் பிடிக்க ரெண்டாவது கை வேணும். இஞ்ச கத்தியைக் கால் பிடிக்குது."

கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் பிறந்த நாள் தொட்டுப் பார்த்த அருவாள். அதில் எழுதுவதற்கு ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

பிறகு கிணற்றடிக்குப் போனோம். கப்பிக் கிணறு. அக்கா கயிற்றை இடக்கையால் ஒரு இழுவை இழுப்பார், உடனே காலால் கயிற்றை மிதித்துப் பிடிப்பார், கையை மேலே கொண்டுபோய் அடுத்த இழுவை இழுப்பார். வாளி தட்டுப்படாமல் வந்தது. அன்ரி மூன்று தரம் அள்ளச் சொல்லிப் பார்த்தார்.

"இதை ஆர் உங்களுக்குக் காட்டித் தந்தது?"

"ஆரும் இல்லை மிஸ். வாளி கிணத்துக்க விழுந்து விழுந்து நானே கண்டுபிடிச்சன்."

வெளிக்கிடும் நேரம் தேத்தண்ணி தந்தார். கோப்பையை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து எங்களுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்தார். குடித்துவிட்டு வந்தோம். அரைக் கட்டைத் தூரம் வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

"அன்ரி, அவா தேத்தண்ணியை எங்கட கையில தரேல்லை. கவனிச்சனீங்களோ?"

"வைச்சிட்டுப் போனவா. ஏன்?"

"இடக்கையால தரக்கூடாது எண்டுதான் வைச்சவா."

"நிப்பாட்டு," என்றார். "திருப்பு."

மறுபடி வந்து நின்ற எங்களைக் கண்டு அக்கா பயந்துபோனார். அன்ரி நேரடியாகவே கேட்டார். அக்கா சேலைத் தலைப்பால் வலக்கை முடிவை மூடிக்கொண்டார்.

"ஆரும் ஒரு சொல்லுச் சொன்னதில்லை மிஸ். ஆனா இடக்கையால சோறு போட்டா, வாங்கிற ஆளின்ர முகத்தை நான் பாப்பன். பாக்காமல் இருக்க ஏலாது. அதால போறதை விட்டிட்டன். இப்ப தர்மபுரத்தில என்ர தங்கச்சியின்ர மகள் பெரியபிள்ளை ஆயிட்டாள். நாலைஞ்சு மாதத்தில சடங்கு வைக்கினம். பெரியம்மா நான் பந்தியில நிண்டு போடாமல் ஒரு மூலையில இருந்தால் நல்லாயிருக்குமோ? அதுதான் வரேல்லை எண்டு சொல்லியனுப்பப் போறன்."

"சோறு போடவேணும். வலக்கையால. அவ்வளவுதானே?" என்றார் அன்ரி.

"அவ்வளவுதான்," என்றார் அக்கா. அவருக்கு நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சின்ன விசயத்துக்கு எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. தண்ணீர்க் குழாய்க்குப் பாவிக்கிற பிளாஸ்ரிக் பைப்பை வெட்டி, சூடாக்கி, தட்டையாக்கி, முன்கையின் வடிவத்துக்கு வளைத்தோம். சைக்கிள் ரியூப்பால் பட்டி போட்டு, அகப்பையின் பிடி நுழைய ஒரு துவாரம் விட்டோம். முதலாவது வழுகியது. இரண்டாவது இறுகி, தோல் சிவந்தது. மூன்றாவது நன்றாகப் பொருந்தியது. ஆனால் சோற்றை அள்ளி இலையில் கவிழ்க்க மணிக்கட்டு திரும்பவேண்டுமே. அக்காவுக்குத் திருப்ப மணிக்கட்டு இல்லை. அவர் தோளைத் தூக்க, சோறு பாதி நிலத்தில் கொட்டியது. மூன்று பேரும் குனிந்து பொறுக்கினோம்.

பொறுக்கிக்கொண்டே அக்கா சொன்னார், "மிஸ், என்ர கையை வளைக்க ஏலாது. அகப்பையை வளைச்சால் என்ன?"

அன்ரி நிமிர்ந்து பார்த்தார். அலுமினிய அகப்பை ஒன்றை வாங்கிவந்து, பிடியை உள்பக்கமாக வளைத்தோம். எவ்வளவு வளைக்கவேண்டும் என்பதையும் அக்காவே சொன்னார். முழங்கையைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் போதும், அகப்பை தானாகக் கவிழ்ந்தது. ஒரு பருக்கை சிந்தவில்லை.

இதற்குள் அன்ரி தன் ஆறு மாதத்தை நீட்டிவிட்டார். நீட்டியதால் ஒரு சிக்கல். கோடையில் திரும்பிப் போய் ஒரு வகுப்பில் இருந்து மணித்தியாலக் கணக்கை நிரப்புவது என்பதுதான் அவருடைய திட்டம். பதின்மூன்று மணித்தியாலம் கையில் இருந்தது. பதினொன்று குறை. முடிவுத் திகதிக்கு மூன்று மாதம்கூட இல்லை. வன்னியில் எந்த வகுப்பு, எந்த மகாநாடு?

அவர் சட்டப் புத்தகத்தை மறுபடி வாசித்தார். பிறகு முரசுமோட்டை அக்காவைப் பற்றி எழுதத் தொடங்கினார். அருவாள், கிணறு, சோறு போடுவது. தன்னிடம் இருந்த பாடப்புத்தகங்கள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன, எங்கே ஒன்றும் சொல்லவில்லை, தான் எங்கே பிழை விட்டார். நான் கணினியில் தட்டச்சு செய்தேன். கட்டுரைக்கு ஐந்து மணித்தியாலம், நேரே பழகியதற்கு ஆறு மணித்தியாலம் என்று படிவத்தில் நிரப்பினார். 'பழக்கியவர்' என்ற இடத்தில் 'விவசாயி, முரசுமோட்டை' என்று எழுதச் சொன்னார்.

"இதை ஏற்பினமோ அன்ரி?"

"தெரியேல்லை. எனக்கும் அறிய ஆசையா இருக்கு."

நான் அப்போது ஒரு யோசனை சொன்னேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. "அன்ரி, நிலையத்தின்ர சீல் அலுமாரிக்க கிடக்கு. ரெண்டு நாள் பயிற்சி எண்டு ஒரு சேட்டிபிக்கட் அடிச்சுச் சீல் குத்தினால் சரிதானே? அமெரிக்காவில இருந்து ஆர் இஞ்ச வந்து விசாரிக்கப் போகினம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபிக்கவில்லை.

"ஆரும் வரமாட்டினம். ஆனா அந்த அக்கா சூடான பைப்புக்குக் கீழ தன்ர கையை நீட்டினவாதானே? எனக்கு வேலை தெரியும் எண்டு நம்பித்தானே நீட்டினவா? ஒரு தாளில நான் பொய் எழுதினால் லைசென்ஸ் எண்ட மற்றத் தாளும் பொய்யாத்தான் இருக்கும், பிள்ளை."

நான் அச்சடித்த தாள்களை அடுக்கினேன்.

மின்னஞ்சல் பார்க்க வவுனியாவுக்குத்தான் போகவேண்டும். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறி, ஒரு முழு நாள் போய்விடும். மூன்றாவது தரம் போனபோது மறுமொழி வந்திருந்தது. ஒரு தாளில் அச்சடித்துக் கொண்டுவந்தார். மரியாதையான கடிதம். கட்டுரையை ஏற்றுக்கொள்கிறோம், ஐந்து மணித்தியாலம். மற்ற ஆறையும் ஏற்க இயலாது. பழக்குகிறவர் அங்கீகரிக்கப்பட்ட ஒரு தொழிலில் உரிமம் உள்ளவராக இருக்கவேண்டும். அப்படியானால் அவருடைய உரிம இலக்கத்தை அறியத்தரவும்.

எனக்குச் சரியான கோபம். "அந்த அக்கா சொல்லித்தந்த மாதிரி ஆர் சொல்லித்தருவினம்? இவையளுக்கு என்ன தெரியும்?"

"அவையள் கேக்கிறதும் பிழையில்லை," என்றார் அன்ரி. "ஆரும் பழக்கலாம் எண்டு விட்டால் நாளைக்கு ஒருத்தன் தன்ர மச்சானின்ர பேரை எழுதுவான். அவையள் அங்க இருந்து எப்பிடிப் பிரிச்சுப் பாக்கிறது?"

"அப்ப நீங்கள் அந்த அக்காவிட்டப் படிக்கேல்லையோ?"

"படிச்சனான். அதை அளக்கிற கோல்தான் அவையளிட்ட இல்லை."

அடுத்த முறை அக்கா வந்தபோது நான் விசயத்தைச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "என்னட்ட எங்க தங்கச்சி லைசென்ஸ்? நிவாரண அரிசி எடுக்கிற காட்தான் இருக்கு. அந்த நம்பர் காணுமெண்டால் எழுதுங்கோ."

முடிவுத் திகதி வந்தது. ஆறு மணித்தியாலம் குறை. அதை முடித்துக் காட்டும்வரை உரிமம் செயலில் இல்லை என்று கடிதத்தில் இருந்தது. அடுத்த நாள் காலை அன்ரி வழமை போல எட்டு மணிக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வெளியே நோயாளிகள் இருக்கிற வாங்கில் போய் இருந்தார்.

"என்ன அன்ரி, சுகமில்லையோ?"

"சுகம். இண்டைக்கு நான் சும்மா ஒரு ஆள்."

முதலில் பகிடி என்று நினைத்தேன். அவர் அசையவில்லை. டொக்டர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்கட நாட்டுச் சட்டம் இஞ்ச ஆருக்குத் தெரியும்? வாங்கோ உள்ளுக்கு."

"எனக்குத் தெரியும் டொக்டர்," என்றார் அன்ரி.

டொக்டர் தோளைக் குலுக்கிவிட்டு, தான் எழுதிக் கொடுத்த பயிற்சிகளை மட்டும் நான் செய்விக்கலாம் என்றார். உள்ளே போனேன். பக்கவாதம் வந்த ஒரு ஐயா, கை விரல் இறுகிக்கொண்டு வருகிறது என்று காட்டினார். முன்பென்றால் அன்ரி பிடித்துப் பார்த்து உடனே சொல்லுவார். நான் வெளியே ஓடினேன்.

"அன்ரி, அந்த ஐயாவின்ர விரலை விரிக்கலாமோ? எவ்வளவு?"

"டொக்டரைக் கேள்."

"உங்களுக்குத் தெரியும்தானே!"

"தெரியும். சொல்லக்கூடாது."

எனக்கு எரிச்சல் வந்தது. திரும்பப் போகக் கால் எடுத்தபோதுதான் ஒன்று மனதில் தட்டியது. நான் நின்று கேட்டேன்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் ஆர் அன்ரி? எனக்கு ஒரு லைசென்சும் இல்லையே."

"நீ எனக்குக் கீழ வேலை செய்த ஆள். நீ பிழை விட்டால் அது என்ர பிழை. இப்ப உனக்கு மேல ஒருத்தரும் இல்லை. அதால கவனமா இரு."

ஒரு வருடமாக எத்தனை பேருடைய கையைப் பிடித்திருப்பேன், தோளை உயர்த்தியிருப்பேன். அன்று முதல் தடவையாக ஒரு ஆளின் விரலைத் தொடப் பயந்தேன். அந்தப் பயத்தோடே டொக்டரிடம் போய்க் கேட்டேன். அவரும் புத்தகம் பார்த்துத்தான் சொன்னார்.

அன்ரி வாங்கில் இருந்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ முரசுமோட்டை அக்கா வந்தார். புருசன் இல்லை. தர்மபுரத்தில் இருந்து பஸ்ஸில் தனியாக வந்திருந்தார். கையில் ஒரு அடுக்குச் சட்டி, வாழையிலை, தோளில் ஒரு பை. சடங்கு முந்தின நாள் நடந்து முடிந்திருந்தது.

"முதல் பந்தி முழுக்க நான்தான் மிஸ் சோறு போட்டது. சின்னனுகள் வந்து தொட்டுத் தொட்டுப் பாத்ததுகள். பெரியாக்கள் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. ஒரு மனுசி மட்டும் இது வெளிநாட்டுச் சாமானோ எண்டு கேட்டா. நான் சொன்னன், பைப்பு கிளிநொச்சிக் கடையில வாங்கினது, ரியூப் எங்கட இவரின்ர சைக்கிளில கழட்டினது எண்டு."

பிறகுதான் அன்ரி ஏன் வெளியே இருக்கிறார் என்று கேட்டார். நான் சொன்னேன். அக்கா முழுவதையும் கவனமாகக் கேட்டார்.

நோயாளிகளிடம் அன்ரி ஒருநாளும் ஒன்றும் வாங்கமாட்டார். ஒரு மாம்பழம் தந்தாலும் கைகூப்பித் திருப்பிவிடுவார். அதுவும் அவருடைய சட்டம். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும்.

"இண்டைக்கு நீங்கள் டொக்டர் மிஸ் இல்லைத்தானே? அப்ப சாப்பிடலாம்," என்றார்.

வாங்கிலேயே இலையை விரித்தார். பைக்குள் இருந்து பட்டியை எடுத்து, பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்து இறுக்கி, அகப்பையை நுழைத்தார். சோறு போட்டார். பருப்பு, கத்தரிக்காய்க் கறி, பாயாசம். அன்ரி அகப்பையைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு எனக்கும் இலை போட்டார். வரிசையில் இருந்த பக்கவாத ஐயாவும், "பிள்ளை, எனக்கும் ஒரு பிடி," என்றார்.

குறைந்த ஆறு மணித்தியாலத்தையும் அன்ரி அந்த வாங்கில் இருந்துதான் முடித்தார். அவருடைய மகள் அமெரிக்காவில் இருந்து ஒரு பாடப் பொதியை அனுப்ப, வவுனியாவுக்குப் போய் எடுத்து வந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு கை இறுகுவதைப் பற்றிய பாடம். வாசித்து, கடைசியில் இருக்கும் வினாக்களுக்கு விடை எழுதி அனுப்பவேண்டும். மத்தியான இடைவேளையில் நானும் போய்ப் பக்கத்தில் இருந்து வாசித்தேன். முதல் பக்கத்துக்கு அகராதியை எத்தனையோ தரம் திறந்தேன். அன்ரி தன் விடையை எழுத, நான் என் கொப்பியில் என் விடையை எழுதினேன். எழுதி முடித்து ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரு கேள்விக்கு அவர் பிழை, நான் சரி. அவர் திருத்தாமல் அப்படியே அனுப்பினார். சித்தியடையப் போதுமான புள்ளி கிடைத்தது.

உரிமம் செயலுக்கு வந்துவிட்டது என்று செய்தி கிடைத்த அடுத்த நாள் காலை உள்ளே வந்து, கையைக் கழுவித் துடைத்தார்.

"அந்த ஐயாவைக் கூப்பிடு. விரலைப் பாப்பம்."

அந்த வருட முடிவுக்கு முன் அன்ரி திரும்பிப் போனார். போகிற கிழமையில் என்னிடம், "உனக்கு இவ்வளவு கேள்வி இருக்கு. நீ ஏன் இதைப் படிக்கேல்லை?" என்று கேட்டார். இந்த நாட்டில் இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது, முடித்தால் கொழும்பில் பதிவு செய்யலாம் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. ஒவ்வொரு வெள்ளியும் அரச வர்த்தமானி பார்க்கத் தொடங்கினேன். ஒருநாள் அதில் விண்ணப்ப அழைப்பு வந்தது. உயிரியல் பிரிவில் எடுத்த மூன்று சித்தி போதுமாக இருந்தது. வயதெல்லைக்கு எனக்குச் சில மாதமே மிச்சம். நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் என்னுடைய அனுபவக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, உரிமம் இல்லாமல் நோயாளிகளைத் தொட்டிருக்கிறாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தொட்டனான் சேர்," என்றேன் தமிழில். பிறகு தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில், "அதனால்தான் வந்திருக்கிறேன்," என்றேன்.

எடுத்தார்கள். நான் பயிற்சி தொடங்கிய வருடமே மறுபடி சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. வீட்டார் கிளிநொச்சியில், நான் கொழும்பில். வகுப்பில் பாதி விளங்காத மொழியில் நடந்தது. உடற்கூற்றுச் சோதனையை இரண்டு தரம் எழுதினேன். அன்ரியின் கடிதங்கள் சில காலம் வந்தன. தன் மாநிலத்தில் புதிய சிகிச்சையாளர்களுக்கு முரசுமோட்டைக் கிணற்றைப் பற்றி வகுப்பெடுத்ததாகவும், அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு மணித்தியாலம் கிடைத்ததாகவும் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அக்காவின் குடும்பம் சண்டையோடு முரசுமோட்டையை விட்டுக் கிழக்கே போனது. பிறகு அகதி முகாமில் அவரைக் கண்டதாக ஒருவர் சொன்னார். இல்லை, அது வேறு ஆள் என்று இன்னொருவர் சொன்னார். கன பேரிடம் கேட்டேன். எனக்கு இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது.

பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தபோது இரண்டாயிரத்து ஒன்பது. வவுனியா ஆஸ்பத்திரியில் ஆள் தேவை என்று எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். என் அம்மாவும் தங்கையும் அங்கே முகாமில் இருந்தார்கள். நோயாளர் விடுதி நிறைந்து, தாழ்வாரத்திலும் பாய் போட்டிருந்தார்கள்.

முதல் நாள் முதல் ஆள் தர்மபுரத்துக்காரர். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவுக்குப் போட்ட மாக்கட்டு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கள் டொக்டரோ, நேர்ஸோ?"

"ரெண்டும் இல்லை ஐயா."

"அப்ப என்ன படிச்சனீங்கள்?"

சொன்னேன். எவ்வளவு காலம் படித்தேன் என்று கேட்டார். அதையும் சொன்னேன். ஆர் பதிவு தந்தது என்று கேட்டார். நல்லாய்க் கேட்கிறார் என்று எனக்குச் சந்தோசமாக இருந்தது. மேசையில் இருந்த சான்றிதழின் பிரதியை எடுத்துக் காட்டினேன். அவர் அதைத் தூரத்தில் பிடித்து முழுவதும் வாசித்தார்.

"சரி," என்று திருப்பித் தந்தார். "அப்ப இதைச் சொல்லுங்கோ. நான் எப்ப நிலத்தில சப்பாணி கட்டி இருந்து சாப்பிடலாம்? இந்தக் கட்டிலில காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு திண்டால் எனக்கு வயிறு நிறையுதில்லை."

"இன்னும் கொஞ்ச நாளுக்குச் சப்பாணி கட்ட ஏலாது ஐயா. அதுவரைக்கும் வேற விதமா இருக்கலாமோ எண்டு பாப்பம். நீங்கள் வீட்டில எப்பிடி இருக்கிறனீங்கள், எங்க சாயிறனீங்கள், சொல்லுங்கோ," என்றேன். விடுதி மூலையில் கிடந்த ஒரு பதிந்த மணைப்பலகையை எடுத்து வந்து, காலை நீட்டி இருக்கத் தோதாக அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் போட்டேன்.